சமையல் யார் செய்வார்கள்? நாற்பதை ஒட்டி இறையியல் படிக்க நினைக்கும் ஒரு தம்பிக்கு

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "எனக்கு 38 வயது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது. சபையில் ஏழு வருடமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். ஆயர் ஊரில் இல்லாதபோது பிரசங்கமும் செய்வதுண்டு. முறையாக இறையியல் படிக்க வேண்டும் என்ற பாரம் ரொம்ப நாளாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு செமினரியில் சேரலாமா, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாமா? குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது? அக்கா, நீங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு படித்தவர் என்று கேள்விப்பட்டுத்தான் கேட்கிறேன்."

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியில்தான் என் கண் நின்றது. பாரம் என்று நம் சபைகளில் சொல்லும் உள்ளத் தூண்டுதலுக்கு ஒரு வரி, வேலையை விடுவதற்கு ஒரு வரி. உங்கள் மனைவிக்கு மூன்றே வார்த்தை: தனியார் பள்ளியில் டீச்சர். அவர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று ஓர் எழுத்துகூட இல்லை. அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்பதே எனக்குத் தெரியவில்லை. 'சமாளிப்பது' என்பது வட்டி வசூலுக்குக் கதவைத் தட்டுகிறவரைப் பற்றிச் சொல்கிற சொல். கூட இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது சரிப்படாது.

நான் ஆரம்பித்தபோது எனக்கு 39. தர்மபுரியில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. கணவர் மின்வாரியத்தில். மகன் ஏழாவது, மகள் நாலாவது, கூடவே சர்க்கரை நோயோடு மாமியார். விஷயம் வெளியே தெரிந்ததும் ஆயர், ஆயரம்மா, பக்கத்து வீட்டுக்காரர், என் சொந்த அண்ணன் என்று எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்ப சமையல் யாரு செய்வாங்க?" எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இன்று நினைத்துப் பார்த்தால், கேட்டவர்களின் எண்ணம் எப்படியிருந்தாலும் கேள்வி சரியான கேள்விதான். நான் புத்தகத்தோடு உட்காரும் இரண்டு மணி நேர வேலை யாராவது ஒருவர் தலையில் போய் விழத்தான் செய்யும். யார் தலையில் என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ஆண்கள் படிக்கப் போனால் இதை யாரும் கேட்பதில்லை. உங்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் நான் கேட்டுவைக்கிறேன்.

அடுத்து, படித்துவிட்டு என்ன செய்யப்போகிறீர்கள்? ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் ஏடாகூடமாகக் கேள்வி கேட்டால் முழிக்காமல் பதில் சொல்ல வேண்டும், பிரசங்கம் மேலோட்டமாக இருக்கக் கூடாது என்றால் அது ஒரு வழி. அங்கி போட்டு ஆயராக வேண்டும் என்றால் அது வேறு வழி. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைந்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு.

ஆயர் ஊழியத்துக்குப் பொதுவாக பி.டி., அதாவது பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி பட்டம் கேட்பார்கள். பெயரில் பேச்சிலர் என்று இருந்தாலும், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்கள் விடுதியில் தங்கி நான்கு வருடம் படிக்கிற படிப்பு அது. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் லுத்தரன்களின் குருகுல், 1910 முதல் பெங்களூரில் இருக்கும் யுனைடெட் தியாலஜிகல் காலேஜ் எல்லாம் இந்த வழியில் வருபவை. ஆனால் இது பொறியியல் கல்லூரி போல மதிப்பெண்ணைக் காட்டிச் சேர்ந்து, முடித்ததும் வேலை தேடுகிற காரியமில்லை. உங்கள் சபை, அதற்கு மேலே உள்ள திருமண்டலம் அல்லது சினாடு, உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நீங்களாகவே போய்ப் படித்துவிட்டு வந்து நின்றால் குருப்பட்டம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வயது வரம்பு உண்டா என்பதையும் முதலில் உங்கள் ஆயரிடம் கேளுங்கள். ராஜினாமா எழுதிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வரம்பு தடையில்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போதே சேர்ந்தாலும் வெளியே வரும்போது உங்களுக்கு 42. நடுவில் உங்கள் மகள் பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு மூன்றையும் அப்பா இல்லாத வீட்டில் படித்துவிட்டுக் கல்லூரிக்கே போயிருப்பாள். ஓசூர் சம்பளம் நின்றுவிடும். ஒரு தனியார் பள்ளி டீச்சரின் சம்பளத்தில் வீடு ஓட வேண்டும். அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். குருப்பட்டம் கிடைத்த பின்னும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும், ஒவ்வொரு ஊரிலும் உங்கள் மனைவி புதிதாக வேலை தேட வேண்டும், போகிற இடத்தில் எல்லாம் அவர் 'ஆயரம்மா' ஆகிவிடுவார், அதற்குச் சம்பளம் கிடையாது. என் கருத்தைக் கேட்டால், இப்போது வேலையை விடாதீர்கள். ஆயராகவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் வீட்டிலிருந்தபடி படித்துப் பாருங்கள். அதன் பிறகும் சபையே உங்களை அனுப்ப முன்வந்தால், அப்போது உங்கள் கையில் இருக்கும் கேள்வி வேறாக இருக்கும்.

வீட்டிலிருந்தபடி படிப்பதில் நான் போனது செராம்பூர் வழி. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரை ஊர் அது. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்ற மூவர் 1818இல் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். ஊர் அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்ததால், பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரடெரிக் சாசனமாகக் கொடுத்தார். பிற்பாடு 1918இல் வங்காள சட்டசபை அதற்கெனத் தனிச் சட்டமே போட்டது. மேலே சொன்ன மதுரை, சென்னை, பெங்களூர்க் கல்லூரிகளின் பி.டி. எல்லாம் அங்கே பட்டம் வழங்கும் குழுவான செராம்பூர் செனட்டின் பட்டம்தான். கல்லூரிக்குப் போக முடியாத சபை மக்களுக்காக அந்த செனட் 'செப்டர்' என்ற பெயரில் வெளிநிலைக் கல்விப் பிரிவு வைத்திருக்கிறது. பட்டதாரியான உங்களுக்கு அதில் பி.சி.எஸ்., அதாவது கிறிஸ்தவக் கல்வியில் இளநிலைப் பட்டம், பொருந்தும். வீட்டில் படித்து, அசைன்மென்ட் எழுதி அனுப்பி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். இந்தப் பட்டத்தைக் காட்டி அங்கி கேட்க முடியாது, அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் எழுதலாமா, எந்தெந்தத் தாளுக்கு எழுதலாம் என்பதையும் விண்ணப்பம் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தப் படிப்பில் திருச்சபை வரலாறு எனக்குச் சொந்த வீடு மாதிரி. நான் வரலாற்று டீச்சர்தானே. செராம்பூர் பட்டத்துக்குப் படிக்கிறோமே, செராம்பூர்க்காரரைப் பற்றித் தெரிந்துகொள்வோம் என்று கேரியின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1793இல் அவர் இந்தியாவுக்குக் கிளம்பியபோது மனைவி டாரதி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது அவர் கர்ப்பிணி. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டவர், படிப்பறிவு கிடையாது. பயணம் தாமதமானதால் கேரி திரும்பப் போய்க் கெஞ்ச, தங்கையும் கூட வருவதாக இருந்தால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில் ஏறினார். மறு வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் நோய் கண்டு இறந்துபோனான். அதற்குப் பின் டாரதியின் மனம் பேதலித்தது, திரும்பவேயில்லை. அவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருக்க, பக்கத்து அறையில் கேரி வேதத்தை மொழிபெயர்த்தார். வங்காளிப் புதிய ஏற்பாடு 1801இல் அச்சாகி வந்தது. டாரதி 1807இல் இறந்தார்.

கேரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு என்ன தகுதி இருக்கிறது! அவர் செய்த வேலையால்தான் என் கையில் பட்டம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் என் கணவரிடம் முதல் தடவையாகக் கேட்டேன்: "நான் படிக்கிறது உங்களுக்குச் சிரமமா இருக்கா?" அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றார். நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

இன்னொரு வழியும் உண்டு, உங்கள் நிலைமைக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு 1971 முதல் இயங்கும் டாஃப்டீ, அதாவது வீட்டிலிருந்தபடியே இறையியல் படிக்க வழி செய்யும் அமைப்பு. இதன் வேர் நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற நாட்டில் பிரஸ்பிட்டேரியன்காரர்கள் ஒரு செமினரி வைத்திருந்தார்கள். ஊர்ப்புறச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நடுவயதுக்காரர்கள், காடு கழனி, பெண்டாட்டி பிள்ளை என்று இருந்தவர்கள். அவர்களால் விடுதிக்கு வர முடியவில்லை. விடுதிக்கு வந்த வாலிபர்களோ படித்துவிட்டு ஊருக்குத் திரும்பவில்லை. 1963இல் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது: மாணவன் கல்லூரிக்கு வர முடியாவிட்டால் கல்லூரி மாணவனிடம் போகட்டும். வீட்டில் படிக்கிற மாதிரி பாடப்புத்தகம் எழுதினார்கள், வாரம் ஒருமுறை ஆசிரியர் ஊருக்கே வந்து குழுவாக உட்காரவைத்தார். அந்த முறைதான் உலகம் சுற்றி இங்கேயும் வந்தது.

இந்த முறையில் பாடம் நடத்துகிறவர்கள் ரயில் தண்டவாளத்தை உவமையாகச் சொல்வார்கள். ஒரு தண்டவாளம் வீட்டில் படிப்பது, மற்றொன்று சபையில் செய்வது, இரண்டையும் பிடித்து நிறுத்துகிற குறுக்குக் கட்டைகள் வாராந்தரக் கூடுகை. மொரப்பூர் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் கட்டை எவ்வளவு நெருக்கமாகப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். அதனால் கூடுகையை மாதம் ஒருமுறை என்று தள்ளிப்போடாதீர்கள். நான் செராம்பூர் படிப்பைத் தனியாகப் படித்துப் பாதியில் விட இருந்தவள். தர்மபுரியில் நாலு பேர் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் பிழைத்தேன். ஒருவர் அங்கன்வாடி டீச்சர், ஒருவர் டயர் கடை வைத்திருப்பவர், ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற தலையாரி ஒருவர். என் கணவர் முதலில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். நாலாவது மாதம் டம்ளரோடு உள்ளேயே உட்கார்ந்தார். ஆறாவது மாதம் எங்களைவிட அவர்தான் அதிகமாகக் கேள்வி கேட்டார். சமையல் கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது: சனிக்கிழமை ராத்திரி தோசை அவர் பொறுப்பு. இன்றுவரை.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஷிப்டு வேலைக்காரருக்கு 'தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து படியுங்கள்' என்று சொன்னால் அது வெறும் பேச்சு. நைட் ஷிப்டு வாரத்தில் படிக்கவே படிக்காதீர்கள். தூங்குங்கள். முதல் ஷிப்டு வாரத்தில் மாலை ஒரு மணி நேரம், இரண்டாம் ஷிப்டு வாரத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு இரண்டு மணி நேரம், அவ்வளவு போதும். கம்பெனி பஸ்ஸில் புத்தகத்தை விரித்தால் தலை சுற்றும். அதற்குப் பதில் அந்த வாரப் பாடத்தில் வரும் வேதப் பகுதியை ஆடியோவில் கேட்டுக்கொண்டே போகலாம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் போய்ச் சேர்வதற்குள் ஆமோஸ் புத்தகம் முழுவதும் முடிந்து, சில அதிகாரங்களைத் திருப்பியும் கேட்டுவிடலாம். ஆமோஸும் செமினரிக்காரரில்லை. ஆடுமாடு மேய்த்து அத்திப்பழம் பார்த்துக்கொண்டிருந்தவர். மாந்தோப்புக்காரர்களுக்கு அவர் பேச்சு உடனே பிடிபடும். மகளின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிற பருவத்தில் ஒரு தாளும் எடுக்காதீர்கள். உங்கள் தேர்வைத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூசுகிறது. என் இரண்டாம் வருடத் தேர்வு சேலத்தில். காலையில் கிளம்பும்போது மகனுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கணவர் டியூட்டிக்குப் போய்விட்டார். மாமியார், "இன்னிக்கு விட்டா என்ன?" என்றார். நான், "ஜெபம் பண்ணிட்டுத்தான் போறேன் அத்தை, ஆண்டவர் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாய் இறங்கும்போது வயிற்றைப் பிசைந்தது, ஆனாலும் இறங்கித் திரும்பவில்லை. அறுபத்தெட்டு வயதில் அந்த அம்மா பையனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். பாஸ் செய்தேன், சுமாரான மதிப்பெண். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் அவ்வப்போது கிண்டல் செய்வான்: "அன்னிக்கு அம்மாவுக்கு என்னைவிட பவுல் நிருபம் முக்கியமா இருந்துச்சு." சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நானும் சிரித்துவிடுவேன்.

என்னை அன்று பஸ் ஏற்றியது படிப்பு ஆசை இல்லை. அந்த வாக்கியம். "ஆண்டவர் பாத்துக்குவார்" என்று சொன்னதும் மாமியாரால் பேச முடியாமல் போனது. ஒரு கிறிஸ்தவ வீட்டில் 'தேவன் என்னை அழைத்தார்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் வாய் அடைத்துப்போகும். மறுத்துப் பேசினால் தேவனையே மறுத்த மாதிரி ஆகிவிடும். நீங்கள் 'பாரம்' என்று எழுதியிருப்பதை நான் சந்தேகப்படவில்லை, தம்பி. ஆனால் உங்கள் மனைவியிடம் இதைப் பேசும்போது அந்தச் சொல்லை வெளியே வைத்துவிட்டுப் பேசுங்கள். "எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது, உனக்கு என்ன தோன்றுகிறது" என்று சாதாரண மனிதனாகக் கேளுங்கள். அப்போதுதான் அவருக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கும்.

சரி, படிப்புக்குள் வருவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பலர் சேர்கிறார்கள். வேத வசனத்தை இன்னும் ஆழமாகத் தியானிப்பதுதான் இறையியல் என்று நினைத்துப் போனால் முதல் பருவத்திலேயே அடி விழும். ஏசாயா புத்தகத்தின் நாற்பதாம் அதிகாரத்திலிருந்து காலமே மாறிவிடுகிறது, பாபிலோன் சிறையிருப்பில் இருக்கிறவர்களிடம் பேசுகிறது, பாரசீக ராஜா கோரேசின் பெயரே வருகிறது, அதனால் இதை எழுதியவர் வேறொருவராக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள் என்று பாடத்தில் வரும். மாற்கு முதலில் எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதை வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று வரும். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எங்கள் குழுவில் தலையாரி ஐயா மட்டும் அசரவில்லை. "அடங்கல்ல ஒரே சர்வே நம்பருக்கு நாலு கையெழுத்து இருக்கும்மா, நிலம் நிலம்தானே" என்றார்.

இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை என்பதைக் கிருஷ்ணகிரிக்காரர் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேதத்தில் பிழை இருக்க முடியுமா என்ற கேள்வியில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு கருத்து வேறுபட்டு வெளியே வந்தவர்கள் நேத்தர், மோன் என்ற இரண்டு மிஷனரிகள். பிழையே இல்லை என்பது அவர்கள் பக்கம். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அப்போது ஜப்பானுக்கு ஆள் அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தது. இந்த இருவரும் தமிழ்நாட்டை அறிந்தவர்கள் என்பதால் திட்டத்தை மாற்றி இவர்களை இங்கே அனுப்பியது. 1895இல் அவர்கள் வேலை தொடங்கிய இடம் கிருஷ்ணகிரி. அடுத்து ஆம்பூர். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அங்கிருந்து வளர்ந்தது. நேத்தர் 1904இல் பிளேக் நோயில் இறந்தார். உங்கள் ஊர்ச் சபைகளில் ஒன்று பிறந்ததற்கே இறையியல் வாக்குவாதம்தான் காரணம். அதனால் பாடப்புத்தகத்தில் அந்த வாக்குவாதம் வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் படித்ததை மறுநாளே ஓய்வுநாள் பள்ளியில் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டினேன். ஒரு தாயார் என்னைத் தேடி வந்து, "என் பிள்ளைக்குக் கதையை மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியதும் கிண்டக் கூடாது. அப்படியே நடுவில் வேகவிட வேண்டும். அவசரப்பட்டால் கட்டி கட்டியாகப் போகும். எனக்குக் கிரேக்க மொழி அப்படித்தான் கட்டி தட்டியது. ஒரே மாதத்தில் எழுத்து, வினைச்சொல் வாய்பாடு எல்லாம் படித்துவிட வேண்டும் என்று இறங்கி, ஒன்றும் ஒட்டாமல் மூடி வைத்தேன். கிரேக்கம் இல்லாமலே தொடங்க ஒரு சுலபமான வழி உண்டு. நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்து 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யோவான் முதல் வசனத்தில் ஒன்றில் 'வார்த்தை' என்று இருக்கும், மற்றொன்றில் 'வாக்கு'. ஏன் என்று கேட்டால் லோகோஸ் என்ற கிரேக்கச் சொல்லில் போய் நிற்பீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்து எங்கள் குழு மூன்று சனிக்கிழமை பேசியது. நர்ஸ் அம்மா, "வாக்குன்னா கொடுத்த வாக்கும்தானே, மாறக் கூடாதுல்ல" என்றார். அது எந்த விளக்கவுரையிலும் நான் படிக்காதது.

தேர்வுக்கு வேண்டிய புத்தகங்களில் நிறைய ஆங்கிலத்தில்தான் இருக்கும். 1858 முதல் இருக்கும் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் தமிழில் இறையியல் நூல்கள் வெளியிட்டிருக்கிறது. சென்னைப் பக்கம் போனால் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். இறையியல் என்ற சொல்லே பழைய ஆயர்களுக்குப் பழக்கமில்லை, அவர்களுக்கு அது வேதசாஸ்திரம். பழைய நூல்களில் அந்தச் சொல்லைத் தேடினால்தான் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் 'இறையியல் டாக்டர் பட்டம், வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது' என்று விளம்பரம் வரும். பணத்தைக் கட்டினால் தொப்பி, கவுன், போட்டோ எல்லாம் கிடைக்கும். அடுத்த வாரம் நாலு ரோடு சந்திப்பில் பிளெக்ஸும் நிற்கும். செராம்பூர் செனட்டின் கீழ் வருகிறதா, ஆசிய இறையியல் கழகமான ஏ.டி.ஏ.வின் அங்கீகாரம் உண்டா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எதிர்முனையில் குரல் மாறினால் போனை வைத்துவிடுங்கள்.

இதை வாசிக்கும் கத்தோலிக்க நண்பர்களுக்கும் இரண்டு வரி. கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய பங்குகள் உள்ள பகுதி இது. தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து உருவானது. பொதுநிலையினர் விவிலியம் படிக்கத் திண்டிவனத்தில் தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டால் வழி சொல்வார்.

தம்பி, பிள்ளைகளை மறந்துவிட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் படிக்க முடியாது, அதனால் தெரிந்தே படியுங்கள். அவர்கள் வீட்டுப்பாடம் செய்யும் மேசையிலேயே உங்கள் அசைன்மென்டையும் எழுதுங்கள். என் மகள் நாலாவது படிக்கும்போது நான் ஆதியாகமப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நோவாவோட பொண்டாட்டி பேரு என்னம்மா?" என்றாள். பேழையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் முழக் கணக்கில் எனக்கு மனப்பாடம். பெயர் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், எழுதவேயில்லை.

இப்போது செய்ய வேண்டியது இது. விண்ணப்பம் எதுவும் போடாதீர்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் இதே ஆசையுள்ள நாலைந்து பேரைத் தேடுங்கள், இரண்டு பேர் பெண்களாக இருந்தால் நல்லது. அதுவரை எங்கள் சனிக்கிழமைக் குழுவில் வந்து உட்காருங்கள். தர்மபுரிக்கு பஸ் நிறைய இருக்கிறது. ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு விடுவோம். வரும்போது உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், நீங்களும் அந்த வாரம் வர வேண்டாம். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதுவதைவிட அவரே எழுதினால் இன்னும் நல்லது.